நாற்பத்து நான்கரை அங்குலம்

நெய்வேலியில் நாங்கள் குடியிருந்த பிளாக்குக்குப் பின்னால் ஒரு செம்மண் திடல் இருந்தது. திடலில் மூன்று முந்திரி மரங்கள் நின்றன. குவார்ட்டர்ஸ் கட்டியவர்கள் அவற்றை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. மற்ற மாதங்களில் அவை பந்து மாட்டிக்கொள்ளும் இடம். கோடையில் மட்டும் எங்களுக்கு அவை சொத்தாகிவிடும். எழுபதுகளின் கடைசியில் வந்த ஒரு கோடை விடுமுறை அது. எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. அண்ணனுக்குப் பதின்மூன்று.

அந்தச் சொத்துக்கு இன்னொருத்தியும் உரிமை கொண்டாடினாள். பெயர் அஞ்சலை. சாலைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து எங்கள் பிளாக்குக்குப் பால் கொண்டுவந்த அம்மாளின் மகள். என் வயதுதான் இருக்கும். அம்மா வீடு வீடாகப் பால் ஊற்றி முடிப்பதற்குள், மகள் மரத்தடியில் விழுந்த பழங்களிலிருந்து கொட்டைகளைத் திருகி எடுத்துப் பாவாடை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவாள். நாங்கள் பல் விளக்கிவிட்டு வந்தால் கொட்டை இல்லாத பழங்கள்தான் கிடக்கும்.

அண்ணன் ஒருநாள் சீக்கிரமே எழுந்து போய் அவளை மறித்தான். நானும் கூடப் போயிருந்தேன்.

"எங்க பிளாக்குக்குப் பின்னால நிக்கற மரம். நீ யாரு எடுக்கறதுக்கு?"

"ஒங்க பிளாக்குக்குப் பின்னால மரம் நிக்கல. எங்க மரத்துக்கு முன்னால ஒங்க பிளாக்கு வந்து நின்னுக்கினு இருக்குது."

பதில் வராத இடங்களில் அண்ணன் பந்தயம் கட்டுவான். அந்த ஆண்டு பங்குனியில் பக்கத்து ஊர் அம்மன் கோயில் கூத்தில் வில் வளைப்பதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, பிளாக்கில் பையன் இருந்த வீட்டிலெல்லாம் ஒரு வில் இருந்தது. அஞ்சலையிடமும் ஒன்று இருந்தது. அணில் விரட்டுவதற்கு என்று சொல்லி, எப்போதும் தோளில் மாட்டிக்கொண்டு வருவாள்.

பந்தயத்தின் விதி எளிது. எங்கள் பிளாக்கின் பின்பக்கக் குழாயடியில் நின்று இரண்டு தரப்பும் ஆளுக்கு ஒரு அம்பு விட வேண்டும். யாருடைய அம்பு அதிக தூரம் போய் விழுகிறதோ அவர்களுக்கு அந்தக் கோடை முழுவதும் மூன்று மரங்களும் சொந்தம். பழம், கொட்டை, நிழல் எல்லாம் சேர்த்து. தோற்றவர்கள் மரத்தடிக்கு வரக்கூடாது.

அன்று மாலையே பந்தயம் நடந்தது. அண்ணன் முதலில் விட்டான். அம்பு பன்னிரண்டு தப்படி போய், துணி உலர்த்தும் கல்லுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. நாண் மட்டும் அவன் மணிக்கட்டில் பளீரென்று அடித்துச் சிவக்க வைத்தது. அஞ்சலை தன் வில்லைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. எங்கள் வில்லைப் பார்த்தாள்.

"இது தூங்குது. தூங்கற வில்லுகிட்ட ஜெயிச்சா எனக்கு என்னா பேரு? எழுப்பிக்கினு வாங்க. பாலு ஊத்த தெனமும்தான் வரோம்."

ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பிளாக்குப் பையன்கள் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான். அந்த வில்லுக்கு நாண் கட்டியது நான்.

அதை நான் அலட்சியமாகக் கட்டவில்லை என்பதுதான் என் வருத்தம். எங்கள் வீட்டில் எதையும் அளந்துதான் செய்வார்கள். அப்பா மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்தார். சுவரில் ஆணி அடிக்கக்கூட அவருக்கு அடிக்கோல் வேண்டும். நானும் அந்தச் சவுக்குக் கம்பைத் தரையில் கிடத்தி, அம்மாவின் தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அளந்தேன். நாற்பத்தெட்டு அங்குலம். நைலான் கொடிக்கயிற்றிலிருந்து ஒரு புரியைப் பிரித்து, முடிச்சுக்கு வேண்டியதைத் தனியாக விட்டு, நாற்பத்தெட்டு அங்குலத்துக்கு நாண் கட்டினேன். வில் எவ்வளவோ நாணும் அவ்வளவு. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அளவு இவ்வளவு சரியாக இருந்தும் அம்பு ஏன் போகவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

பழைய கணக்கு நோட்டு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்தேன். நாணின் நீளம், அம்பு போன தப்படி, குறிப்பு. அப்பா ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு நோட்டில் இப்படித்தான் எழுதுவார். முதல் வரியில் நாற்பத்தெட்டு, பன்னிரண்டு, 'தூங்குகிறது' என்று எழுதினேன்.

இரண்டாம் நாள் இரண்டு அங்குலம் குறைத்தேன். கம்பு லேசாக வளைந்தது. அம்பு முப்பது தப்படி போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அடுத்த அம்பு இருபத்தைந்தில் விழுந்தது, அதற்கடுத்தது இருபதில். கடைசியில் நாண் மறுபடி தொளதொளவென்று ஆகிவிட்டது. டேப்பை வைத்துப் பார்த்தேன். காலையில் நாற்பத்தாறாக இருந்த நாண் மாலையில் நாற்பத்தேழே கால். வெட்டிய கயிறு தானாக வளரும் என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

கோபத்தில் மூன்றாம் நாள் ஒரேயடியாக முப்பத்தெட்டுக்கு இறக்கினேன். அண்ணனும் நானும் சேர்ந்து கம்பைக் காலால் மிதித்து வளைத்தால்தான் நாணை மாட்ட முடிந்தது. பார்வைக்குக் கூத்தில் வந்த வில்லைப் போலவே இருந்தது. இரண்டாவது முறை இழுத்தபோது நடுவில் முறிந்து, ஒரு பாதி அண்ணனின் தாடையில் பட்டது.

"சனியனே, நீ அளந்தது போதும்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

கம்பு பக்கத்து வீட்டு மாமாவின் தோட்ட வேலியிலிருந்து உருவியது. அவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் தக்காளி போட்டு, அதைச் சுற்றிச் சவுக்குக் கம்பால் வேலி கட்டியிருந்தார். இந்த முறை உருவாமல், நேராகப் போய்க் கேட்டேன். அவர் என்னையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இன்னும் எத்தன குச்சி மிச்சமிருக்குதுன்னு எண்ணிப் பாத்துச் சொல்லிப்போடு. அதுக்குத் தக்கன நான் தக்காளி போட்டுக்கறேன்."

சொன்னாரே தவிர, நல்ல பச்சைக் கம்பாக ஒன்றை அவரே தேர்ந்து கொடுத்தார். இதற்கு மேல் கிடையாது என்றும் சொன்னார். அதையும் நாற்பத்தெட்டு அங்குலத்துக்கு வெட்டிக்கொண்டேன். இருந்தது ஒரே கம்பு, மிச்சம் நான்கு நாள். இனிமேல் முறிக்க முடியாது.

அன்று மாலை அப்பாவும் அந்த மாமாவும் வாசல் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மைன்ஸில் வேலை செய்யும் இரண்டு பேர் சந்தித்தால் மைன்ஸைப் பற்றித்தான் பேசுவார்கள். குழந்தைகள் அதைக் காதில் வாங்குவதில்லை. நான் அன்றைக்கு வாங்கினேன்.

"புது பெல்ட்டுங்களா?" என்று மாமா கேட்டார்.

"புதுசுதான். மொத ஷிஃப்ட்லயே நீண்டு தொங்கிட்டு. ரோலர் பாட்டுக்குச் சுத்துது, பெல்ட்டு நகர மாட்டேங்கு. ரெண்டடி வெட்டி எடுத்துட்டு மறுபடி ஒட்டுனோம். இருக்க தூரத்துக்குச் சரியா வெட்டுனா ஆவாது. இழுத்துப் பிடிச்சு நிக்கணும்லா."

நான் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அதிலிருந்து எனக்கு இரண்டு செய்தி கிடைத்தது. ஒன்று, நாண் வில்லைவிடக் குறைந்தே இருக்க வேண்டும், எவ்வளவு என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு, நீள வேண்டியதைக் கட்டுவதற்கு முன்பே நீட்டிவிட வேண்டும்.

மறுநாள் கடைத்தெருவில் செருப்புத் தைப்பவரிடம் போய் மெழுகு நூல் கேட்டேன். எதற்கு என்றார். வில்லுக்கு என்றேன். பெண்பிள்ளைக்கு எதற்கு வில் என்று கேட்டுக்கொண்டே, இரண்டு கையையும் விரித்து நான்கு பாகம் அளந்து கொடுத்தார். அதை நான்காக மடித்து முறுக்கி, ஒரு முனையைச் சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் தண்ணீர் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டேன்.

"ஏட்டி, அடுப்படியில என்னத்தட்டி கட்டித் தொங்கவிட்டிருக்க? எவ தலையிலயாவது விழவா?" என்று அம்மா கத்தினாள்.

"நாளைக்குக் காலைல அவுத்துருவேன்."

"வாளியில்லாம நான் எப்படிப் பாத்திரம் கழுவ?"

"சொம்புல மோந்து கழுவும்மா."

இந்தப் பதிலுக்கு முதுகில் ஒன்று விழுந்தது. ஆனாலும் வாளி அங்கேயே தொங்கியது. காலையில் அளந்தபோது நூல் முக்கால் அங்குலம் நீண்டிருந்தது. மாலை வரை விட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் நீளவில்லை.

அந்த நூலை நாணாகக் கட்டி நாற்பத்தாறிலிருந்து அரை அரை அங்குலமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று அம்பு. அம்பு நாணல் தட்டை. நுனியில் துணி சுற்றித் தார் தோய்த்திருந்தோம். ஆணி வைக்கக்கூடாது என்பது பிளாக்குச் சட்டம். நாற்பத்தாறில் நாற்பது தப்படி. நாற்பத்தைந்தரையில் நாற்பத்தெட்டு. நாற்பத்தைந்தில் ஐம்பத்தைந்து. நாற்பத்து நான்கரையில் அறுபத்து மூன்று. நாற்பத்து நான்கில் அறுபத்து நான்குதான், ஆனால் இழுக்கும்போது கம்பிலிருந்து கிர்ரென்று ஒரு சிறு சத்தம் வந்தது. நாணைக் கழற்றிவிட்டு, கம்பின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். ஒரு தப்படிக்காக ஒரு வில்லைப் பணயம் வைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். நாற்பத்து நான்கரையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் அண்ணன் சமாதானத்துக்கு வந்தான்.

"வில்லக் குடு. நான் விடுறேன்."

"வில்லு வேணும்னா நானும் வருவேன். நான்தான் விடுவேன்."

"பிளாக்கு மானம்டி இது. பொட்டச்சி கையில குடுத்துட்டு நிக்கச் சொல்றியா?"

"எதுக்க நிக்கறது மட்டும் யாராம்?"

பையன்கள் குழாயடியில் கூடிப் பேசினார்கள். எங்கள் இருவரையும் இரண்டு இரண்டு அம்பு விடச் சொன்னார்கள். அண்ணன் பலசாலி, இழுக்க முடிந்த மட்டும் இழுத்து விட்டான். அவன் அம்புகள் உயரமாக ஏறிப் பக்கத்திலேயே இறங்கின. நான் அளந்ததும் பழகியதுமாக இரண்டு நாளில் எண்பது அம்புக்கு மேல் விட்டிருந்தேன், எந்தச் சரிவில் பிடித்தால் எங்கே போகும் என்று தெரியும். அண்ணன் வில்லை என்னிடம் கொடுத்தான்.

பந்தயத்தன்று பக்கத்து வீட்டு மாமாவுக்கு வீக்லி ஆஃப். அவரையே நடுவராக வைத்தோம். நெட்டைக் கால்காரர். அவருடைய தப்படி எங்கள் தப்படியைவிட நீளம், ஆனால் இரு தரப்புக்கும் அதே கால்தான் என்பதை அஞ்சலையும் ஒப்புக்கொண்டாள். அவள் அம்மா பால் தூக்கை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

விடுவதற்கு முன் அஞ்சலை என் வில்லைக் கேட்டு வாங்கினாள். அண்ணன் பதறினான், நான் கொடுத்தேன். கம்புக்கும் நாணுக்கும் நடுவில் தன் முஷ்டியை வைத்தாள். கட்டை விரலை நிமிர்த்தினாள். விரல்நுனி நாணைத் தொட்டது. என் ஒரு வார நோட்டு முழுவதும் அந்தக் கைக்குள் அடங்கிவிட்டது.

"ம். இப்ப முழிச்சிக்கினு இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவள் முதலில் விட்டாள். அவளுடைய வில் புளிய மரத்து மிலாறு. கத்தாழை நாரைத் திரித்துக் கட்டிய நாண். அம்பு தாழ்வாக, சத்தமே இல்லாமல் போனது. மாமா எண்ணிக்கொண்டே நடந்தார். நாற்பத்தொன்பது.

நான் குழாயடிச் சிமெண்டில் காலை ஊன்றிக்கொண்டேன். நாணைக் கன்னம் வரை இழுத்தேன். கம்பில் சத்தம் வருகிறதா என்று கேட்டேன். வரவில்லை. விட்டேன். அம்பு அவளுடைய அம்பைத் தாண்டி, முதல் முந்திரி மரத்தையும் தாண்டிப் போய் விழுந்தது. மாமா ஐம்பத்து மூன்று என்று கத்தினார். பையன்கள் என்னைத் தூக்க வந்து, பெண் என்பது நினைவுக்கு வந்து, அண்ணனைத் தூக்கினார்கள்.

என் வில் அஞ்சலையின் வில்லைவிட அரை அடி நீளம். அந்த நான்கு தப்படியில் நாணின் பங்கு எவ்வளவு, கம்பின் பங்கு எவ்வளவு என்று என்னால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியாது. அன்று பிரிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அஞ்சலை போய் இரண்டு அம்புகளையும் பொறுக்கி வந்தாள். என்னுடையதை என்னிடம் நீட்டினாள்.

"மூணு மரமுமா?"

"மூணும்தான். பேசினது அப்படித்தானே."

அவள் தலையை ஆட்டினாள். மறுநாள் காலை அவள் அம்மா மட்டும் பால் கொண்டுவந்தார். மரத்தடியில் பழங்கள் கொட்டையோடு கிடந்தன.

கொட்டைகளைக் கோணிப்பையில் பொறுக்கினோம். அதுவரை எங்கள் பிளாக்கில் முந்திரிப்பருப்பு என்பது பாயசத்தில் மிதக்கும்போதுதான் எங்களுக்கு அறிமுகம். கொட்டைக்கும் பருப்புக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் வெவ்வேறு மாவட்டத்துக்காரர்கள், யார் வீட்டிலும் முந்திரித் தோப்பு இருந்ததில்லை. பையன்கள் பச்சைக் கொட்டைகளைக் கல்லில் வைத்து நசுக்கினார்கள். நசுங்காததை அண்ணன் பல்லால் கடித்தான்.

மாலைக்குள் அவன் உதடு ஜிலேபியைப் போல வீங்கிவிட்டது. வாயைச் சுற்றிக் கொப்புளம். என் விரல் நுனிகளில் தோல் கறுத்து எரிந்தது. மூன்று வீடுகளில் இதே கதை. அம்மாவுக்கு ஒன்றுதான் தோன்றியது. அண்ணனைத் தனி அறையில் படுக்க வைத்து, வாசலில் வேப்பிலை செருகி, எங்களை வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சாயங்காலப் பால் கொண்டுவந்த அஞ்சலையின் அம்மா வேப்பிலையைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"யாருக்குங்க?"

"பெரியவனுக்கு. வாயெல்லாம் முத்து முத்தா போட்டிருக்கு. ஆத்தா இந்த வெயில்ல இறங்கிட்டா."

அவர் எட்டிப் பார்த்தார். பிறகு என் விரலைப் பிடித்துப் பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. பச்சக் கொட்டைய கடிச்சிக்கினு இருந்திருக்காரு தம்பி. அதுல இருக்கற பாலு பட்டா தோலு வெந்துரும். தேங்கெண்ண தடவுங்க, நாலு நாள்ல உரிஞ்சிரும்."

அம்மா வேப்பிலையைப் பிடுங்கி எறிந்த வேகத்தைப் பார்த்து அண்ணன் போர்வைக்குள் போய்விட்டான். மிச்சக் கொட்டையை என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். கால் கோணி இருந்தது.

"நாளைக்கு வந்து சுட்டுக் குடுக்கறேங்க" என்றார் அவர்.

மறுநாள் அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு வந்தார். பின்பக்கத் திடலில் மூன்று கல் கூட்டி, அடியில் ஓட்டை போட்ட தகரத்தை வைத்துக் கொட்டைகளைக் கொட்டினார். கொஞ்ச நேரத்தில் அது தானாகத் தீப்பிடித்து, கறுப்புப் புகை கிளம்பியது. எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். தகரத்தைக் கம்பால் கவிழ்த்து, மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார். பிறகு அம்மாவும் மகளும் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கட்டையால் ஒரு தட்டு. ஓடு பிளந்து பருப்பு முழுசாக வெளியே வரும். அஞ்சலையின் கை அவள் அம்மா கையைவிட வேகமாக ஓடியது. ஒரு பருப்புகூட உடையவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் அம்மா முறத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தாள். இந்த வேலையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டது என்று கேட்டாள்.

"எங்க மரம்தானுங்களே. வச்சப்ப முழங்காலு ஒசரம். இவ அப்பா கொடத்துல தண்ணி தூக்கியாந்து ஊத்துவாரு."

"இங்கயா இருந்தீங்க?"

"இங்கதாங்க. ஒங்க வூட்டு அடுப்படி இருக்கற எடத்துல எங்க களம் இருந்துச்சி. வூடு இன்னும் கொஞ்சம் தள்ளி, அந்தக் கொழாயிகிட்ட."

நேற்றுப் பேருந்து தாமதமாக வந்தது என்று சொல்வதைப் போலச் சொன்னார். கட்டை நிற்கவில்லை. அம்மா திரும்பி எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள், பிறகு முறத்தைப் பார்த்தாள். வேலை முடிந்ததும் இரண்டு கையாலும் பருப்பை அள்ளி அஞ்சலையின் மடியில் போட்டாள். அவள் போட்ட அளவைப் பார்த்து எனக்கே கொஞ்சம் திக்கென்றது. ஆனாலும், தோற்றவர்களுக்கு இவ்வளவு கொடுக்கும் அம்மா எந்த பிளாக்கில் இருக்கிறாள் என்று எனக்குள் பெருமையாக இருந்தது.

அஞ்சலை அந்தப் பருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிடக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வென்றவளுக்கு உரிய தாராளத்தோடு சொன்னேன்.

"சும்மா சாப்புடு. எங்க மரத்துதுதான்."

அவள் ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டு மெல்ல மென்றாள். அவள் அம்மா சாம்பல் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். என் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்காமல் உபசாரம் செய்ததற்குத்தான் அந்தப் பார்வை என்று நினைத்து, நான் இன்னும் நாலு பருப்பை எடுத்து அவள் கையில் வைத்தேன்.